தெருவைக் கலைக்காதீர்கள்!

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் திருஞானசம்பந்தம் அய்யா அவர்களே! கடைகளைச் சாத்திவிட்டுக் கவலையோடு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு, நெஞ்சின் அனலை அணைக்க முடியாமல் வந்திருக்கும் அன்னையரே! உங்களோடு இதே தெருவில் குடியிருக்கும் இசபெல்லா டீச்சரின் வணக்கம்.

காரைக்காலுக்கு வளர்ச்சி வருகிறதாம். தாராளமயக் கொள்கை என்கிறார்கள். தனியார் முதலீடு என்கிறார்கள். நாலு மாடி வணிக வளாகம் என்கிறார்கள். வரட்டும்! ஆனால் அந்த வளர்ச்சி நம் வாசல் வழியாக வருகிறதா, வாசலையே பெயர்த்துக்கொண்டு வருகிறதா?

என்ன தம்பி, கடைசி வரிசையில்? "கடை வந்தா வேலை வருமுல்ல டீச்சர்?" என்கிறாயா? வரும் தம்பி. வேலைக்கு நான் விரோதி அல்ல. வேலை முடிந்து நீ திரும்பிப் போகும் வீடு எங்கே இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

சவரிநாதனை உங்களில் பலருக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தவர். பார்வையை நோய் கொண்டுபோயிற்று, நடையைக் கொண்டுபோகவில்லை. தனியாகவே மாதா கோயிலுக்குப் போவார், தனியாகவே டீக்கடைக்கு வருவார். எப்படி? எதிர்வீட்டு உம்மு சல்மா சன்னலிலிருந்து குரல் கொடுப்பார்: "அண்ணே, வண்டி வருது, சுவரோரமா நில்லுங்க!" முனையில் தையல்கடை நெய்னா முகம்மது: "சாக்கடைப் பலகைய தாண்டிட்டீங்க, இனிமே நேரா போங்க." அந்தச் சந்தே அவருக்குக் கண்!

நிலத்துச் சொந்தக்காரர் சந்து முழுவதையும் வெளியூர்க் கட்டிடக் கம்பெனிக்கு விற்றார். மாற்று வீடு கொடுத்தார்கள், நான் மறுக்கவில்லை. எப்படிக் கொடுத்தார்கள்? சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள்! உம்மு சல்மா ஒரு மூலைக்கு, நெய்னா வேறொரு மூலைக்கு, சவரிநாதன் தலத்தெருவைத் தாண்டிய பொட்டலுக்கு. குழாய் உண்டு, மின்விளக்கு உண்டு. கூப்பிட ஒரு குரல் உண்டா?

அவர் மனைவி செல்வம்மாள் என்னிடம் சொன்னார்: "வாசப்படி எறங்கவே மாட்டேங்கிறாருங்க. கட்டில்லயே உக்காந்திருக்காரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வம்மாள் வெளியே போயிருந்த நேரம். காற்றில் கோயில் மணி கேட்டது. மனிதர் தடியை எடுத்தார், நடந்தார். வழிப்போக்கர்களைக் கேட்டுக் கேட்டு மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். பழைய இடம் வந்ததும் கால் பழக்கத்தில் தானாகத் திரும்பியது. அங்கே சந்து இல்லை. அஸ்திவாரக் குழி இருந்தது! சுற்றி வேலியும் இல்லை, நில்லுங்கள் என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை.

இடுப்பெலும்பு முறிந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உம்மு சல்மா கட்டிலருகே நின்று அழுதுகொண்டிருந்தார்: "நான் அங்க இருந்திருந்தா கத்தியிருப்பேனே அண்ணே!" சவரிநாதன் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கண்ணு போயி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. நான் குருடனானது இப்பதான்" என்றார். உயிர் தப்பினார், இன்றுவரை எழுந்து நடக்கவில்லை.

அழாதீர்கள், தாய்மார்களே! யோசியுங்கள். அந்த வணிக வளாகத்துக்காக நாளை நம் தெருவை அளக்க வருகிறார்கள். வீடு வீடாக, தனித்தனியாக வந்து, காலிசெய்யச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்பார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. இடிக்கும் இயந்திரத்தை எண்ணி அல்ல. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போட்டுவிடப்போகும் கையெழுத்தை எண்ணி! நம் கோரிக்கை இதுதான்: அடுத்தடுத்த வீட்டாரை அடுத்தடுத்தே குடியமர்த்து! தெருவைத் தெருவாகவே கொடு! அந்த உறுதி கிடைக்கும்வரை எவரும் பேனாவைத் தொடாதீர்கள். காலையில் கூடுவோம், அதிகாரிகளிடம் சேர்ந்தே போவோம். நான் முன்னால் நடக்கிறேன். வருகிறவர்கள் கை உயர்த்துங்கள்!

உயராத கைகளும் தெரிகின்றன. கோபமில்லை, வீட்டில் பேசிப் பாருங்கள், பேசிவிட்டு வாருங்கள். நின்றுகொண்டே செவிமடுத்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. விடிந்ததும் பார்ப்போம். வணக்கம்!