வெங்கடசுப்ரமணியனுக்கு ராமர் கண்

வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அந்த வீட்டைப் பற்றி வேறெதுவும் விசாரிக்க வேண்டாம். இருந்தாலும் நான் விசாரிப்பேன், அது வேறு. உட்காருங்கள், சார். நீங்கள் மார்டள்ளிப் பக்கம் என்று ஹம்ஸா சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து தமிழ்க்காரராக ஒருவர் வந்தது நல்லதாயிற்று. கன்னடத்தில் எனக்குப் பேரம் பேச வரும், மனசு விட்டுப் பேச வராது.

இந்த யாதவகிரித் தெருவில் எல்லார் வீட்டுச் சுவரும் எனக்கு மனப்பாடம். எதிர்வீட்டு ஹம்ஸா, ஓடுகிற குதிரைகளை மாட்டியிருக்கிறாள். குதிரை ஓடினால் உத்தியோகமும் ஓடும் என்று யாரோ சொன்னார்களாம். அவள் வீட்டுக்காரர் மஞ்சுநாத்தின் பிரமோஷன் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் வீட்டு பிரதிபா பேங்கில் வேலை பார்க்கிறவள், அதனால் மாடர்ன் ஆர்ட். ரசம் கொட்டித் துடைக்க மறந்தது போல இருக்கும். "ஒவ்வொரு தடவை பார்க்கறச்சேயும் ஒவ்வொரு அர்த்தம் வரும் ஆன்ட்டி" என்றாள். நானும் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ரசம்தான் வந்தது.

எங்கள் சுவர் மொட்டை. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆணி அடிக்கக் கூடாது என்று சர்க்கார் சொன்னதோ இல்லையோ, என் வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன் சொன்னார். ரிட்டயர் ஆகி, போன வருஷம், தொண்ணூற்று மூன்றில், இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கென்று ஒரு சுவர் கிடைத்தது. வாசலுக்கு நேர் எதிரே, அதோ, அந்தச் சுவர். அதில் அர்த்தமுள்ளதாக ஒரு படம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குதிரை, ரசம் எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு அர்த்தம் வீட்டுக்காரர்தானே என்று தோன்றியது. அப்போது எனக்கும் கொஞ்சம் புத்தி மட்டு.

தங்கரேக்கு ஒட்டி மைசூர்ப் படம் எழுதுகிற நஞ்சுண்டசாமியிடம், ரிட்டயர்மென்ட் அன்று எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். அவர் தயங்கினார். "நான் சாமி மட்டும்தான் எழுதுவேன் அம்மா, மனுஷங்களை எழுதிப் பழக்கமில்லை" என்றார். பரவாயில்லை, இவரும் தன்னைச் சாமி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், எழுதுங்கள் என்றேன்.

படம் வந்தது. மீசை அவருடையது, வழுக்கை அவருடையது, கண் மட்டும் பட்டாபிஷேக ராமருடையது. நஞ்சுண்டசாமிக்குத் தெரிந்த ஒரே கண் அதுதான் போலிருக்கிறது. கருணை வழிகிற, நீளமான கண். சார், கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் பேப்பரைப் பார்த்திருக்கிறார், கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், தட்டில் உப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். படம் என்னைப் பார்த்தது.

மாட்டினேன். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு தெரு சமாசாரத்தையெல்லாம் படத்திடம் சொல்வேன். ஒரு தடவைகூட "வாயை மூடு" என்று சொன்னதில்லை. முகம் சுளிக்காமல் பிரதிபாவின் நாத்தனார் கதை முழுவதையும் கேட்டது.

கெடுத்தவள் பூக்கார நஞ்சம்மா. தினமும் பூஜை அறைப் படங்களுக்குப் பூ வைத்துவிட்டுப் போகிறவள், கூடத்தில் புதிதாகத் தங்கம் மின்னுகிற படத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஏதோ சாமி என்று ஒரு முழம் மல்லிகையைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. ஆபீசுக்குக் கிளம்பிய மஞ்சுநாத் தெருவிலிருந்தே பார்த்திருக்கிறார். பூப்போட்ட வெங்கடசுப்ரமணியன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு மணியை அடித்தார்.

மணிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தது என் வீட்டுக்காரர்.

"அய்யோ, சார்! நீங்களா?"

"நான்தான். பின்னே யாரை எதிர்பார்த்தேள்?"

"இல்லே சார்... சும்மா... மாமிக்கு ஆறுதல் சொல்லலாம்னு..."

மஞ்சுநாத் அன்று ஆபீசுக்கு வேறு வழியாகப் போயிருப்பார். இவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் நன்றாகப் பார்த்தார்.

"உசிரோட இருக்கறவனைச் சுவத்துல ஏத்தி மாலையும் போட்டுட்டியேடி!"

"ஏன்னா, மாலை நான் போடலை. நஞ்சம்மா."

"எவளோ போட்டா. நான் போனப்புறம் மாட்டிக்கோ. அதுவரைக்கும் பீரோவுக்குப் பின்னாடி கெடக்கட்டும்."

படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பீரோவுக்குப் பின்னால் செருகினார். அந்த ஆணியில் உரக்கம்பெனிக் காலண்டரிலிருந்து வெட்டிய ஜோக் அருவிப் படத்தை, கண்ணாடி போட்டு மாட்டினார். எல்லார் வீட்டிலும் காலண்டரில் தேதி கிழியும், எங்கள் வீட்டில் அது பிரேம் போட்டுக்கொண்டது.

நான் சண்டை போடவில்லை. இரண்டு வாரம் அருவியைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன். அதனிடம் என்ன பேசுவது? இரைச்சல்தான் கேட்கிற மாதிரி இருந்தது. பீரோ பக்கம் பெருக்கக்கூடப் போகவில்லை. என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அந்தத் தூசியில் முகம் திருப்பி நிற்கிறார். அதையும் யோசித்துப் பாருங்கள். படம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எப்போது என்றுதான் சொன்னார். நான் புருஷன் பேச்சைத் தட்டுகிறவள் இல்லை.

சந்தன மாலை விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள். ஆமாம், அவர் போவதற்கு முன்னாலேயே சயாஜி ராவ் ரோட்டில் வாங்கினேன். கூட வந்தவள் ஹம்ஸா. "யாருக்கு மாமி இந்த ஹாரம்?" என்று குடைந்தாள். சாமிக்கு என்றேன். அவள் அதை இவ்வளவு நாள் வாயில் வைத்திருந்ததே ஆச்சரியம். எனக்குத் தெரிந்திருந்தால் மறுநாளே தெரு முழுக்கப் போயிருக்கும். நல்ல சந்தன மாலை அவசரத்தில் கிடைக்காது, சார். எழவு வீட்டில் கடைசி நேரத்தில் ஓடி, கிடைத்ததை வாங்கி வந்து போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படத்துக்கும் மாலைக்கும் பொருத்தமே இருக்காது.

திங்கட்கிழமை அருவி கோணலாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே கோணல்தான். நான் பொய் சொல்லவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன். "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டூலை என் பக்கம் இழுத்தேன். கால் வழுக்கியது என்று எல்லாரிடமும் சொன்னேன். வழுக்கத்தான் செய்தது, ஸ்டூல் போன பிறகு.

ஜன்னல் திண்டில் தலை பட்டது. உடனே போய்விடவில்லை. "அன்னம், மஞ்சுநாத்தைக் கூப்பிடு, கார் எடுத்துண்டு வரட்டும்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் கூப்பிட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள், வருகிறவர்கள் கண்ணில் அந்த அருவியா பட வேண்டும்? பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்தேன், முந்தானையால் துடைத்தேன், ஸ்டூலில் ஏறி அருவியைக் கழற்றிவிட்டு மாட்டினேன், கோணல் பார்த்தேன், மாலையைப் போட்டேன். இரண்டு தடவை இன்னும் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் எதிர்வீட்டுக்குப் போனேன். மஞ்சுநாத், பாவம், உள்ளே வந்ததும் முதலில் சுவரைத்தான் கும்பிட்டார். அப்புறம்தான் தரையைப் பார்த்தார்.

ஸ்டூலை இழுத்தது நான்தான். காப்பாற்ற நேரம் இருந்தது, காப்பாற்றாததும் நான்தான். வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே என் பெயருக்குப் பக்கத்தில் விதவை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார். அவரை எதிரே வைத்துக்கொண்டு அப்படி எழுதலாமா?