அத்தித் தோட்டத்துக் கப்று

எங்கள் தோட்டத்து அத்திப்பழம் சாப்பிட்டிருக்கிறீர்களா, ஐயா? சாக்கடல் பக்கத்து உப்பு மண்ணில் அத்தி இனிக்காது என்பார்கள். எங்களுக்கு இனிக்கும்.

அந்த மரங்களுக்கடியில்தான் ஊர் இருக்கிறதாம். லூத் நபி காலத்தில் நெருப்பு விழுந்து அழிந்த ஊர், பைபிளிலும் உண்டு. பேராசிரியர் லிண்ட்கிரன் பக்கத்து மேட்டை வருஷக்கணக்கில் தோண்டிவிட்டு, கோட்டைவாசல் என் தோட்டத்தில்தான் என்று முடிவு கட்டினார். ஆண்டவனே வேண்டாமென்று மூடிய ஊர். அதற்காக அரசாங்கம் என் நிலத்தை எடுக்குமாம். வயிறு எரியுமா, எரியாதா?

யோசனை என்னுடையதல்ல, சித்தப்பா ஃபவ்வாஸுடையது. டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "கப்று இருக்கிற இடத்துல வெள்ளைக்காரன் மண்வெட்டி வைக்க மாட்டான்டா முத்லக். நான் செத்தா இங்கயே அடக்கிடு. உயிரோட இருந்துதான் ஒண்ணும் கிழிக்கல, செத்தாவது உதவறேன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் நிலத்தை அளக்க ஆட்கள் அடுத்த வாரமே வருவதாக இருந்தது. சித்தப்பாவோ அந்த மூச்சிரைப்போடு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார் போலிருந்தது. மதியம் தூங்கும்போது தலையணையை வைத்து அழுத்தினேன். அதிகம் திமிறவில்லை. மூச்சிரைப்பில் போனார் என்று ஊரே நம்பியது. எங்களில் அன்றைக்கே அடக்கம். லிண்ட்கிரன் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், பாவம், நல்ல மனுஷன்.

அப்புறம்தான் தொல்லியல் துறை அதிகாரி வந்து சேர்ந்தார்.

"ரெண்டு கப்றாவது சேர்ந்து குடும்ப மையவாடின்னா நாங்க தொட முடியாது. இது ஒத்தைக் கப்றுதானே? வாரிசு கையெழுத்துப் போட்டா ஊர் மையவாடிக்கு மாத்திடலாம்."

வாரிசு, சித்தப்பா மகன் நிம்ர்.

"மாத்திடலாம்ணே," என்றான் அவன். "அம்மாவும் அங்கதானே இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போடறேன், நீயும் கூட வா."

"வரேன்டா. முதல்ல அந்தக் கிணத்து மோட்டாரைப் பார்த்துக் குடு."

குனிந்து பார்த்தான். தள்ளினேன். நீச்சல் தெரியாதவன்; தூக்கி வளர்த்த எனக்கு அது தெரியாதா? சத்தம் அடங்கும்வரை அங்கேயே இருந்தேன். தனியாக விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான்.

பிள்ளையையாவது தாய் பக்கத்தில் வை என்று ஊரில் எவ்வளவோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அத்திமரத்தடியிலேயே அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கினேன். அவர்களைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை, ஐயா.