சிங்கத்தின் காலில் ஒரு கேரியர்

வெயிலில் வைத்த சாப்பாடு கெட்டுப்போகும், சார். அதனால்தான் கேரியரை நிழலில் வைத்தேன். அதுவரைக்கும் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

நிழல் இருந்தது கல் சிங்கத்தின் நெஞ்சுக்குக் கீழே, முன்னங்கால்மேல். எண்ணூறு வருடத்துச் சிங்கம். அதைச் சுற்றிச் சுற்றி வந்து எழுநூறு படம் எடுப்பது என் வேலை. எல்லாவற்றையும் கணினியில் கோத்தால் சிங்கம் முப்பரிமாண மாதிரியாக எழுந்து நிற்கும். படத்துக்குப் படம் இடம் மாறும் காக்கை, பார்வையாளர் எல்லாரையும் கணினி தள்ளிவிடும். அசையாததைக் கல்லென்று சேர்த்துக்கொள்ளும். அன்று வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிட்டேன். கேரியர் அசையவில்லை.

திரையில் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நீக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குள் எங்கள் தொல்லியல் துறை இயக்குநர் பின்னால் வந்து நின்றுவிட்டார். அவர் தன் அறையைத் தாண்டி எந்தச் சிங்கத்தையும் பார்த்தவரில்லை.

"அட, கால்ல மூணடுக்குக் கலசம் வச்சிருக்கே! இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படலையே. நம்ம மில்லிமீட்டர் எடுத்தா எடுத்ததுதான்யா."

மில்லிமீட்டர் என்பது நான். வீட்டில் மாமனார் என்னைப் 'படம் புடிக்கிறவன்' என்றுதான் சொல்வார். ஆகவே அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, இனித்தது. அங்கேயே 'பிழை இரண்டு மில்லிமீட்டருக்குள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேராசிரியர் ஒருவர் கலசத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினார்.

பிறகு மாதிரியைக் கல்லோடு ஒப்பிட்டு அளக்க ஒரு சோதனைக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஒன்று மாதிரியைத் திருத்த வேண்டும், இல்லை கல்லைத் திருத்த வேண்டும். மாதிரியில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

பட்டப்பகலில்தான் போனேன். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் உளி, மறு கையில் அதே கேரியர். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பிழை திருத்தம்."

"நல்ல வெயில் சார். குடை புடிக்கட்டுமா?"

பிடித்தார், பாவம். கேரியர் ஆடாமல் உட்காரச் சிங்கத்தின் நான்கு நகங்களைச் செதுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு சுண்ணாம்பும் கல்தூளும் குழைத்து மெல்லப் பூசினேன். குழு வந்து அளந்தது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கைதட்டினார்கள்.

பாராட்டு விழாவுக்கு மனைவியை அழைத்துப் போனது புத்தி கெட்ட வேலை. சிங்கத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

"ஏங்க, இது நம்ம கேரியர்தானே? மூடியில இருக்கிற நெளிவு உங்க தங்கச்சி கீழ போட்டதாச்சே."

"எண்ணூறு வருஷத்துக் கலசம்மா."

"எண்ணூறு வருஷம் இருக்கட்டும். உள்ள கழுவினீங்களா?"

கழுவவில்லை. அவள் நேரே இயக்குநரிடம் போய்க் கேரியரைத் திருப்பிக் கேட்டாள். அதனால்தான் இப்போது உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நகங்கள் நான்கும் என் மேசை இழுப்பறையில், எண் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் சேதம் என்று மட்டும் எழுதாதீர்கள். கணக்காக இருப்பது எப்படிச் சேதமாகும்?

இன்னொன்று. திங்கட்கிழமை அதே குழு எட்டுத்தூண் மண்டபத்துக்கு வருகிறது. அதைப் படமெடுத்த அன்று மாமனாரும் கூட வந்திருந்தார். மூன்றாம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மூன்று மணி நேரம், ஓர் அசைவு இல்லை. மாதிரியில் மீசை உட்பட அருமையாக வந்திருக்கிறார்.

நல்ல மனிதர். கூப்பிட்டால் வருவார், உட்கார வைத்தால் தூங்குவார். சுண்ணாம்பைக் காலையிலேயே ஊறவைத்துவிட்டேன். என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவைத்தால் நல்லது, சார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது.