தப்பு போடாத பள்ளிக்கூடம்

ஆரோக்கியமேரி: ஒம்போதாவதோட டி.சி.யா? எம் பொண்ணு என்ன டீச்சர், திருடுனாளா?

ஸ்ரீலக்ஷ்மி: ஐயோ, அப்படியில்ல மேரி. கீர்த்தி தங்கமான பொண்ணு. கணக்குலதான்... பத்தாவது போர்டு பரீட்சை அவளால தாண்ட முடியாது.

ஆரோக்கியமேரி: போன வருஷம் வரைக்கும் 'அருமை'ன்னு எழுதி அனுப்புனது யாரு?

ஸ்ரீலக்ஷ்மி: நான்தான்.

ஆரோக்கியமேரி: இப்ப என்ன திடீர்னு?

ஸ்ரீலக்ஷ்மி: அரையும் மூணுல ஒண்ணும் கூட்டுனா அஞ்சுல ரெண்டுன்னு போடறா.

ஆரோக்கியமேரி: அது... தப்பா?

ஸ்ரீலக்ஷ்மி: தப்பு. கூட்டினப்புறம் அரையைவிடக் கம்மியா வருதே.

ஆரோக்கியமேரி: எப்பலேர்ந்து அப்படிப் போடறா?

ஸ்ரீலக்ஷ்மி: ...ஆறாவதுலேர்ந்து.

ஆரோக்கியமேரி: செவப்பு மையில ஒரு கோடு இழுக்க வேண்டியதுதானே!

ஸ்ரீலக்ஷ்மி: இந்த ஸ்கூல்ல யாருக்கும் தப்பு போடக்கூடாது. பிரின்சிபால் பத்ரிநாத் சார் மீட்டிங் வெச்சுச் சொன்னார். கணக்கு வானத்துலேர்ந்து விழல, மனுஷன் உண்டாக்கினது. குழந்தையும் தானே உண்டாக்கணும், நாம குறுக்க வரக்கூடாதுன்னு...

ஆரோக்கியமேரி: காய்க்காரன் அரைக் கிலோவும் கால் கிலோவும் சேத்துக் கால் கிலோ குடுத்தா, 'அது ஒன் வழிப்பா'ன்னு வாங்கிட்டு வருவாரா சாரு?

ஸ்ரீலக்ஷ்மி: சார் சொன்னதுல பாதி உண்மை மேரி. எப்படி யோசிச்சேன்னு கீர்த்தியைக் கேட்டேன். 'ரெண்டு துண்டுல ஒண்ணு, மூணு துண்டுல ஒண்ணு, ஆக அஞ்சுல ரெண்டு'ன்னா. அழகா இருந்துது. கேட்டுட்டு, மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்...

ஆரோக்கியமேரி: சொல்லல.

ஸ்ரீலக்ஷ்மி: ஸ்டார் ஒட்டினேன்.

ஆரோக்கியமேரி: போர்டுக்காரங்க அவ வழியக் கேப்பாங்களா?

ஸ்ரீலக்ஷ்மி: மாட்டாங்க. ஸ்கூலுக்கு நூறு பர்சென்ட் பாஸ் வேணும். அதான்... நீங்களா கேட்டு டி.சி. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து...

ஆரோக்கியமேரி: உங்க பையன் ஷ்ரேயஸும் இதே ஒம்போதாவதுதான?

ஸ்ரீலக்ஷ்மி: ம்.

ஆரோக்கியமேரி: அவனுக்கும் டி.சி. உண்டா?

ஸ்ரீலக்ஷ்மி: ...இல்ல. அவன் நல்லாப் போடுவான்.

ஆரோக்கியமேரி: அவனா உண்டாக்கிக்கிட்டானோ?

ஸ்ரீலக்ஷ்மி: மேரி...

ஆரோக்கியமேரி: நீங்க மேல் வீடு, நான் கீழ் வீடு. சாயங்காலமானா 'தப்பு! தப்பு! திருப்பிப் போடுடா!'ன்னு நீங்க கத்தறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்.

ஸ்ரீலக்ஷ்மி: கேட்டுதா? அப்பவே... அப்பவே வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேரி!

ஆரோக்கியமேரி: எங்க வந்து கேக்க? பாவம், டீச்சர் பையன் மக்கு, எம் பொண்ணுக்கு ஒரு தப்புகூட வர்றதில்லன்னு... மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டிருந்தேன் டீச்சர்.