கெண்டைக்காலில் கட்டிய கத்தி

கடலடிக்கு இறங்குகிறவர்கள் கத்தி வாங்க வந்தால் நீளமானதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். சிலர் கண்ணாடி முன் நின்று அழகும் பார்ப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்துவிடுவேன்.

"இது போட்டோவுக்கு நல்லா இருக்கும் சார். வலையில மாட்டினா இதுதான் காப்பாத்தும்" என்று உள்ளங்கையளவு கொக்கிக் கத்தியைக் காட்டுவேன். மார்புப் பட்டையில் செருகிக்கொண்டால் எந்தக் கையாலும் உருவலாம். தடித்த கயிற்றை வெட்ட இடுப்பில் ஒரு கத்தரி. என் கடையில் யாருக்கும் இதை மாற்றிச் சொன்னதில்லை, அத்தானைத் தவிர.

அத்தான் என் அக்காவின் கணவர். மூழ்கிய கப்பலருகே யாரோ கைவிட்டுப்போன வலையில் சிக்கி அக்கா செத்தபோது அவர்தான் கூட இருந்தார்.

"என்னையும் வலை பிடிச்சிருந்துச்சும்மா. கத்தி காலில இருந்துச்சு, கை எட்டல. நான் விடுபடறதுக்குள்ள அவ போயிட்டா."

எல்லாரும் நம்பினார்கள். அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் முழங்காலை மடக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கை எட்டியது. அதன்பிறகும் வாய் நிறைய அத்தான் என்றுதான் கூப்பிட்டேன்.

"அக்கா போன இடத்தை ஒருதரம் பாக்கணும் அத்தான்."

கண் கலங்கச் சம்மதித்தார். அவருடைய சாமான்களை நானே எடுத்துவைத்தேன். நீளக் கத்தியை, அன்று அவர் கட்டியிருந்ததுபோலவே, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டினேன். மார்பிலிருந்த கொக்கிக் கத்தியைக் கழற்றினேன்.

"அது இருக்கட்டுமேம்மா."

"துருப்பிடிச்சிருக்கு அத்தான். நான்தான் கூட வரேனே."

கப்பலருகே இன்னும் கிடந்த அந்த வலையில் என் உடம்பு நுழையும், அவர் உடம்பு நுழையாத இடைவெளி ஒன்றை முன்பே பார்த்து வைத்திருந்தேன். நான் நுழைந்தேன். பின்னாலேயே வந்தார். அவர் முதுகுச் சிலிண்டரை வலை கவ்வியது. முழங்காலை மடக்கினார். கை போகவில்லை. பின்னாலிருந்து வலை இழுக்கும்போது இடுப்பு வளையாது என்பதைக் கடைக் கண்ணாடி எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

கத்தரி என் இடுப்பில் இருந்தது. வீட்டில் ஏதோ சாமானை எடுத்துத்தரச் சொல்வதுபோல அவர் உள்ளங்கையை நீட்டினார். காற்று தீர்ந்து குமிழிகள் நிற்கும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

உண்மை தெரிந்த பிறகும் ஏன் வெட்டிவிடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வெட்டியிருந்தால், இத்தனை நாளும் ஒரு பாவமும் அறியாத மனிதரை வெறுத்தேன் என்றல்லவா ஆகியிருக்கும்? அக்காவுக்கு அப்படியொரு துரோகத்தை நான் எப்படிச் செய்வேன்?