நம்பர் குத்தாத சட்டை

எனக்கு வயது அறுபத்தேழு. கணவர் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள தெருவில், கீழே சலவைக் கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடத்தில் வசிக்கிறேன். பெயரையும் கதவு எண்ணையும் முதல் தாளில் கொடுத்திருக்கிறேன், ஆனால் தெருவில் சலவைக்கடை அம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கடையை முப்பத்தொரு வருடமாக நடத்தி வருகிறேன். என்னுடன் மருமகளும் பேத்தியும் இருக்கிறார்கள். பேத்தி ஆறாவது படிக்கிறாள், என்னைவிட ஒரு வகுப்பு கூடப் போய்விட்டாள், இந்த வருடமும் அவள்தான் முதலாவது. இதையும் எழுதச் சொன்னேன். இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி, அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். அவள் படிக்கும் வகுப்பை எழுதுகிறீர்களே, வாங்கிய இடத்தையும் எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்.

ஏழு மாதத்துக்கு முன் என் மகன் இறந்துபோனான். அவன் கடைசியாக எழுதியதை என் மருமகள் கிழித்து ஒளித்துவிட்டாள் என்று என் மகள் இந்தக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறாள். பேத்தியைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறாள். அந்த மனு சம்பந்தமாக யாரும் கூப்பிடாமல் நானே வந்து இதைச் சொல்கிறேன்.

முதலில் கடையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. துணி வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து நோட்டில் எழுதி, காலரில் நம்பர் சீட்டை ஊக்கால் குத்துவேன். வலது கை ஊக்கை மூடும்போது இடது கை பைக்குள் போய்விடும். அதைத் தனியாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. இப்படிச் சாவி, மோதிரம், மாத்திரை அட்டை, ஒரு முறை ஒருவருடைய பல் செட் என்று எத்தனையோ எடுத்து உரியவரிடம் கொடுத்திருக்கிறேன். பல் செட்டுக்காரர், தன் மனைவிதான் ஒளித்துவைத்தாள் என்று இரண்டு நாள் பல்லில்லாமலே சண்டை போட்டிருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் என் மெஷினில் ஒரு காகிதம் ஊறியதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். வீட்டுத் துணிக்கு நம்பர் கிடையாது. அதற்கு மேலே தனிக் கூடை இருக்கிறது. போடுகிறவர்களே பையைக் காலி செய்துவிட்டுப் போட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். என் மகன் அந்தக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவன். இந்த இரண்டு வழக்கமும் அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்குக் கீழே இறங்கி வந்து, முந்தைய நாள் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையை மடித்துக் கடைக் கூடையில் வைத்தான்.

"ஏன்டா, வீட்டுக் கூடை எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"இதுலயே கெடக்கட்டும்மா."

"கடைக் கூடைன்னா நம்பர் உண்டு. ரசீது இல்லாம திருப்பித் தரமாட்டேன்."

"அப்ப ரசீது குடு" என்று சிரித்தான். "போடா, வேலையப் பாரு" என்றேன். போய்விட்டான்.

அதன் பிறகு ஒன்பது மணிக்குத் துணிகளுக்கு நம்பர் குத்த உட்கார்ந்தேன். முடிதிருத்தும் கடையின் பச்சைத் துண்டுகள் இருபத்துநான்கு, பணிமனை டிரைவர்களின் சட்டைகள் பதினொன்று. என் மகன் சட்டை கைக்கு வந்தபோது, வீட்டுச் சட்டைக்கு எதற்கு நம்பர் என்று குத்தாமல் அப்படியே மெஷினில் போட்டேன். நம்பர் குத்தாததால் கை பைக்குள் போகவில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு மெஷினைப் போட்டேன். நேரம் நோட்டில் இருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு அவனுடன் வேலை செய்யும் இரண்டு பேர் வந்து கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்தவை முதல் கோப்பில் இருக்கின்றன. அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை.

பின்னர் மூன்று நாள் கடை பூட்டிக் கிடந்தது, மெஷினை யாரும் திறக்கவில்லை. நான்காம் நாள் முடிதிருத்துபவர் வந்து, கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கடையில் ஒரு துண்டுகூட இல்லை என்றார். நான் மேலே படுத்திருந்தேன். மருமகள்தான் கீழே போய் மெஷினைத் திறந்தாள். மாலை வரை மேலே வரவில்லை. அன்று நான் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சி குடித்தேன். துணியெல்லாம் கொடுத்தாச்சா என்று கேட்டேன். நாற்றம் அடித்தது, இன்னொரு தடவை அலசிக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

அதன் பிறகு பதினைந்தாம் நாள் கடையைத் திறந்தேன். கேட்டவர்களிடம் ஹார்ட் அட்டாக் என்று சொன்னேன். ஒரு வாடிக்கையாளர், முன்னாடியே டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்றார். எடுத்திருக்கலாம் என்று சொல்லி அவர் துணியைக் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து ஆள் வந்து அவனுடைய இரண்டு யூனிஃபார்மையும் திருப்பிக் கேட்டார்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, நம்பர் குத்திக் கொடுத்தேன். பையில் ஒரு திருகாணியும் ஒரு மிட்டாய்த் தாளும் இருந்தன. பேத்தி பள்ளிப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்றே எழுதினாள். நான் திருத்தவில்லை. எனக்குப் பசி தெரிவதில்லை, மருமகள் தட்டு வைத்தால் சாப்பிடுவேன். அழுதீர்களா என்று அதிகாரி கேட்டார். ஞாபகம் இல்லை.

என் மகள் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்கிறாள். சின்ன வயதிலிருந்தே யாரையும் பேச விடமாட்டாள் என்பதால் அவளை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். தம்பி மேல் உயிர். ஒவ்வொரு ஞாயிறும் வந்து, அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று ஆரம்பிப்பாள். போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், அவள் பேத்தியின் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது, மருமகளின் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் காகிதத் துணுக்குகள். சிலவற்றில் பேனா மையின் நீலம் இருந்தது. ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

"கிழிச்சுப்போட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி ஏழு மாசம் எங்ககூட உக்காந்து சாப்பிட்டிருக்கா பாரு! இதுல உன் வண்டவாளம் இருந்துச்சு, அதானே?" என்று என் மகள் கத்தினாள். மருமகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையில் இருந்த பாவாடையை மடித்து வைத்தாள். என் மகள் கவரை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தாள்.

அந்தக் கவரைப் பார்த்த அந்த நிமிடமே அது கிழித்த காகிதம் இல்லை, துவைத்த காகிதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று துணி போட்டது நான் ஒருத்திதான் என்பதும் தெரிந்தது. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. மருமகளை மூன்று முறை நிலையத்துக்குக் கூப்பிட்டீர்கள். மூன்று முறையும் நான்தான் கடையைப் பார்த்துக்கொண்டேன். என் மகள் அவளைத் திட்டுகிற நேரத்தில் என்னைத் திட்டவில்லை என்று ஆறுதலாக இருந்தது. இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

முந்தாநாள் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"பாட்டி, அப்பா எழுதுனத அம்மா கிழிச்சாங்களாம். அத்தை சொல்றாங்க. அதனால நான் இனிமே அத்தை வீட்லதான் இருக்கணுமாம். நெசமா?"

இல்லை என்றேன். பின்ன யாரு என்று கேட்டாள். கை கால் கழுவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு மருமகளிடம் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அந்தச் சட்டைய மெஷின்ல போட்டது நான்தான்மா. பை பாக்கல."

"தெரியும் அத்தை."

"எப்பத் தெரியும்?"

"மெஷினத் தொறந்தப்பவே. துண்டு பூரா காகிதம் ஒட்டிக் கெடந்துச்சு. ஒண்ணொண்ணா எடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னைக்குத்தான் நீங்க எந்திரிச்சே உக்காந்தீங்க."

"போலீஸ்ல கேட்டப்பவாவது சொல்லித் தொலைக்கலாமே. உனக்கு என்ன தலையெழுத்தா?"

"சொன்னா அண்ணி உங்கள என்ன பேசுவாங்கன்னு தெரியாதா? அந்தப் பேச்சக் கேட்டுட்டு நீங்க இருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நமக்கு இன்னொண்ணு தாங்காது அத்தை."

மீதி இருந்த துணியை இரண்டு பேரும் மடித்து வைத்தோம்.

இன்று காலை பத்தரை மணிக்கு இங்கே வந்தேன். அதிகாரி அந்தக் கவரை மேசைமேல் வைத்து, துவைத்த காகிதம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கிழித்த காகிதத்துக்கு ஓரம் இருக்கும், துவைத்தால் ஓரம் கரைந்து உருண்டுவிடும், இதில் எல்லாமே உருண்டை என்று காட்டினேன். உருண்டைக்குள் பச்சை நூல் இருப்பதையும் காட்டினேன். அது அந்த முடிதிருத்தும் கடையின் துண்டு நூல். அந்தத் துண்டுகள் அன்று அதே மெஷினில் இருந்தன என்பதற்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

அதில் உங்கள் மகன் என்ன எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தெரியாது. லிஃப்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலாகக்கூட இருக்கலாம். நான் பையைப் பார்ப்பேன் என்று நம்பி வைத்தானா, மறந்து வைத்தானா என்பதும் தெரியாது. கடிதம் என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் அடித்துக் காகிதம் என்று எழுதச் சொன்னேன். நான்கு இடத்தில் திருத்தினார். யார் மேல் வருத்தம் என்று அதில் இருந்திருக்குமோ என்று கேட்டார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருமகளும் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, என் மகளும் படிக்கவில்லை. படிக்காததை வைத்து ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதை முடித்துவிட்டு வெளியே போய் நானே சொல்வேன். அவள் கொடுத்த மனுவில் கிழித்து ஒளித்தார் என்று இருக்கும் இடத்தில் பார்க்காமல் துவைத்தார் என்றும், மருமகள் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் என்றும் மாற்றி எழுத வேண்டும்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு, எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதில் பொய் இல்லை. ஹார்ட் அட்டாக் என்று ஊரில் சொன்னது மட்டும் பொய், அதையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் தாய்