லூபெக்கின் சிவப்பு

துடைப்பதில் நான் கெட்டிக்காரன். சுவிஸின் லாங்கன்தால் ஊரில் நான் துடைத்த ஜன்னலில் இரண்டு குருவிகள் மோதியிருக்கின்றன. அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

வாரம் ஒருமுறை ஹெர் பீட்டர்சனின் வீட்டைத் துப்புரவு செய்வேன். தனியாக வாழ்ந்த ஜெர்மன்காரக் கிழவர். அவர் கூடத்தில் ஒரு பழைய நீர்வண்ண ஓவியம் தொங்கியது: லூபெக் நகரத்துத் தெரு, படிப்படியாக ஏறும் செங்கல் முகப்புகள். அவர் பிறந்த தெரு. போரில் அது எரிந்தபோது அவர் சிறுபிள்ளை. தினமும் காப்பியோடு அதற்கு முன்னால் உட்காருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் கடைக்குப் போயிருந்தபோது, படத்தின் கண்ணாடி உட்புறம் மங்கியிருப்பதைக் கண்டேன். வெள்ளிதோறும் எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்குச் செய்வதுபோலச் சட்டத்தைக் கழற்றி, ஈரத்துணியால் படத்துக்கும் ஓர் இழுப்பு. முருகன் ஒருநாளும் நிறம் விட்டதில்லை. லூபெக் முழுவதும் என் துணிக்கு வந்துவிட்டது. தாளில் சாம்பல் கோடுகள் மிஞ்சின. திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

"நல்லவேளை, சந்தனப் பொட்டு வைக்கேல்லை" என்றாள் என் மனைவி கோசலா. பிறகு சிரிப்பை நிறுத்தி, "இஞ்சருங்கோ, போய் உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள்.

"ஓம், சொல்லுறன்."

சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்ததும் அவர் கேட்டார்: "என் படத்துச் சிவப்பு எங்கே போனது?"

"எந்தச் சிவப்பு?" என்றது என் வாய்.

அதன்பிறகு எல்லாம் தானாக நடந்தது. அது எப்போதும் சாம்பல்தான் என்றேன். கண்ணில் குறையில்லை என்றார் வைத்தியர். அப்படியென்றால் தலையில்தான் என்று பயந்தாள் ஜெனீவாவில் இருக்கும் மகள். அவள் அந்தப் படத்தை ஒருநாளும் கவனித்ததில்லை. என்னிடம் கேட்டாள். கொஞ்ச நாளாகவே இல்லாததைக் காண்கிறார் என்று பக்குவமாகச் சொன்னேன். தன்னையே நம்பாத மனிதர், அணைத்த அடுப்பை மறுபடி மறுபடி எழும்பிப் போய்ப் பார்த்தார். அதையும் மகளுக்கு நானே தெரிவித்தேன்.

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கோசலா சோறு போடும்போது மட்டும் என்னோடு கதைக்கிறாள். வெட்கத்தில் நானும் தட்டைத்தான் பார்க்கிறேன்.

ஞாயிறுதோறும் அவரைப் பார்க்கப் போகிறேன். போன கிழமை என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி. எனக்கு ஞாபகமிருக்கும் சிவப்பு, நெருப்பாகத்தான் இருந்திருக்கும்."

தலையாட்டினேன். வயதான மனிதர். இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி அவரைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.